எஸ்டீம் எஞ்சினில் ராடு போல்ட் மாற்றிய அனுபவம்

எஞ்சின் பவரைக் கூட்ட கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), எக்ஸாஸ்ட், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றுவது பற்றியெல்லாம் இந்தக் குழுவில் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். ராடு போல்ட் பக்கம் யாரும் வரவில்லை என்பதால் என் பங்குக்கு இது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது ராடு. அதன் கீழ்முனையில் கிராங்கைச் சுற்றிப் பிடிக்கும் அரைவட்ட மூடிதான் கேப். அந்த கேப்பை ராடோடு இறுக்குவது ராடு போல்ட்.

வண்டி பழைய மாருதி எஸ்டீம் கார், 1298 சிசி, 16 வால்வு. கேம் மாற்றிய பிறகு 7000 ஆர்பிஎம்முக்கு மேலும் சந்தோஷமாக ஏறியது. ஓட்டுவது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில். அங்கே கூட ஓட்டும் நண்பர் ஒருவர் மூன்றிலிருந்து நான்குக்குப் போட நினைத்த கியர் இரண்டில் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் ரெவ் லிமிட்டரால் (ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுக்கும் அமைப்பு) ஒன்றும் செய்ய முடியாது. ராடு போல்ட் அறுந்து, பிளாக்கில் கை நுழையும் அளவு ஓட்டை. அதைப் பார்த்த பிறகுதான் என் எஞ்சினையும் இறக்கினேன்.

இதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறான ஒன்று உண்டு. போல்ட்டைக் கொல்வது பவர் இல்லை, ஆர்பிஎம். பெட்ரோல் எரியும்போது வரும் அழுத்தம் ராடைக் கீழே அமுக்குகிறது, போல்ட்டுக்கு அதில் பெரிய வேலை இல்லை. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்புகிறதே, அங்கேதான் முழு இழுப்பும் போல்ட் மேல் விழுகிறது. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால்கூட 7000-த்தில் இழுப்பு ஏறக்குறைய ஒரு டன். ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப இது கூடும். 6000-லிருந்து 7000 போனாலே 36 சதவீதம் அதிகம்.

ஏஆர்பி என்ற கம்பெனியின் ஸ்ட்ராங்கான போல்ட் வாங்கி, ராடுகளோடு லேத்துக்குப் போனேன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது என்றுதான் பலரும் செய்கிறார்கள். லேத் அண்ணன் முதலில் சொன்னதே, “தம்பி, போல்ட் ஸ்ட்ராங்கா இருந்தா மட்டும் பத்தாதுங்க, கேப்பை இழுத்து வட்டத்தைக் கெடுத்துரும்.” புது போல்ட்டை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்துக் காட்டினார். ராடும் கேப்பும் சேர்ந்து வரும் துளை, அதாவது பிக் எண்ட், வட்டமாக இல்லை. அப்படியே பேரிங் போட்டிருந்தால் ஆயில் கிளியரன்ஸ் (ஆயில் நிற்கும் இடைவெளி) ஒரு பக்கம் குறைந்து பேரிங் தேய்ந்திருக்கும். ராடு, கேப் சேரும் முகங்களில் மிகக் கொஞ்சம் சீவி, புது போல்ட்டோடு இறுக்கி, துளையை மறுபடி சரியான அளவுக்கு ஹோன் செய்தார் (தேய்த்து வட்டமாக்கினார்). போல்ட் விலையைவிட இந்த வேலைக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும் என்பேன்.

இறுக்குவதும் ஒரு தனிக் கதை. டார்க் ரெஞ்சில் நாம் கொடுப்பதில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடுகிறது. எஞ்சின் ஆயில் தடவினால் ஒரு கணக்கு, போல்ட்டோடு வரும் லூப் (உராய்வைக் குறைக்கும் பசை) தடவினால் வேறு கணக்கு. அதனால் சில முறை இறுக்கித் தளர்த்தி உராய்வை நிலைப்படுத்திவிட்டு, ஸ்ட்ரெட்ச் கேஜில் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துத்தான் கடைசி இறுக்கு. மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எந்த ராடு, எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது 0.025 மி.மீ. நிரந்தரமாக நீண்டிருந்தால் அந்த போல்ட் குப்பைக்கு.

ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், வேண்டாம். எஞ்சின் திறக்கும்போது கம்பெனி போல்ட்டையே புதிதாகப் போட்டால் தாராளம். டர்போ போட்டாலும் ரெட்லைனை (ஆர்பிஎம் உச்ச வரம்பை) ஏற்றாதவரை போல்ட்டுக்குச் சுமை அவ்வளவாக அதிகரிக்காது.

அப்புறம், புது எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இப்போது பலவற்றில், ஒரே துண்டாகச் செய்து பிறகு கேப்பை உடைத்துப் பிரித்த ராடுகள்தான் வருகின்றன. அந்த உடைந்த முகத்தைச் சீவ முடியாது. வட்டம் கெட்டால், வெளிவிட்டம் கூடிய பேரிங் கிடைக்கிறதா என்று தேட வேண்டும், இல்லையென்றால் ராடு செட்டையே மாற்ற வேண்டும். போல்ட்டுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.