ஆவடி டியூப் புராடக்ட்ஸ்: வேலை செய்தவர்கள், பக்கத்தில் வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்

ஆவடிவாசி

ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டி.பி.ஐ. என்றாலே போதும். மற்றவர்களுக்காக: டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முருகப்பா குழுமத்தின் ஸ்டீல் டியூப் தொழிற்சாலை, ஆவடியில் எம்.டி.எச். ரோட்டில் இருக்கிறது. 1955-இல் வந்தது. அந்த வருடம் இந்தப் பக்கத்துக்கு யோகமான வருடம் போலிருக்கிறது. ஜனவரியில்தான் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். அக்டோபரில் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தது. மாநாட்டைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்தோம், ஐ.சி.எஃப். பெட்டியில் ஏறி ஊர் ஊராகப் போனோம். டியூப் கம்பெனியைப் பற்றி மட்டும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

காரணம் சுலபம். சைக்கிள் வாங்கினால் பெயரைப் பார்ப்போம், பைக் வாங்கினால் பெயரைப் பார்ப்போம். உள்ளே இருக்கிற டியூப் யாருடையது என்று கடைக்காரரிடம் கேட்டவர் யாராவது உண்டா? பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து அந்த மதில் சுவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே வளர்ந்துவிட்டேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சைக்கிள் பித்தன்

முதலில் வரிசையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். டியூப் கம்பெனி வந்து அப்புறம் சைக்கிள் வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 1949-இல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் வந்தது. சைக்கிள் ஃபிரேம் என்பது என்ன? மேலே ஒரு பார், கீழே சாய்வாக ஒன்று, சீட்டுக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு நான்கு மெல்லிய குழாய்கள். ஆக மொத்தம் டியூப்தான். அந்த டியூபை இங்கேயே செய்யலாம் என்றுதான் ஆவடி. 1959-இல் இரண்டையும் இணைத்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று ஆக்கினார்கள். சர் ஏ. ராமசாமி முதலியார் அதன் தலைவராக இருந்தவர். அம்பத்தூரில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதே முதலியார்தான்.

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பழைய ஹெர்குலிஸ் ஃபிரேமுக்குப் புது பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் முதலில் பழைய பெயின்டை எரித்து எடுக்க வேண்டும். புளோ லாம்ப் பட்டதும் கறுப்பு உரிந்து, டியூப் லக்குக்குள் (குழாய்களை இணைக்கிற மூட்டு) நுழையும் இடத்தில் பித்தளை மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு தெரியும். பிரேஸிங் கோடு, அதாவது பித்தளையை உருக்கி ஒட்டிய இடம். அது டியூபைச் சுற்றி ஒரே சீராக ஓடினால் அப்பா ‘ஃபிரேம் நல்லா இருக்கு’ என்பார். எங்காவது விட்டுப்போயிருந்தால் பெயின்ட் அடிக்கவே மாட்டார், வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும்.

மூணாம் ஷிஃப்ட்

நான் அப்ரண்டிஸாக டியூப் மில்லில் வேலை கற்றவன் (கம்பெனி எது என்று கேட்காதீர்கள், இந்தத் தொழிலில் எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்). ஆவடிவாசி கேட்டது எனக்குத் தெரியும், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்டீல் தகடு காயிலாக (பெரிய சுருளாக) வரும். வேண்டிய அகலத்துக்கு ஸ்லிட்டிங் செய்து பட்டை பட்டையாக ஆக்குவார்கள். அந்தப் பட்டை வரிசையாக நிற்கிற ரோலர்களுக்கு நடுவே போகும். முதல் ரோலரில் லேசாக வளையும், நாலாவது ஐந்தாவதில் வாய்க்கால் மாதிரி ஆகும், கடைசியில் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொடப் போகும். அந்த இடத்தில் மின்சாரம். ஓரம் செக்கச்செவேலென்று உருகும், ரோலர் அழுத்தும், ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் ராடு எதுவும் கிடையாது. இதைத்தான் இ.ஆர்.டபிள்யூ. (எலக்ட்ரிக் ரெசிஸ்டன்ஸ் வெல்டிங்) என்பார்கள். உருகிப் பிதுங்கியதை வெளியே ஒரு கத்தி சீவிக்கொண்டே இருக்கும். சீவல் நீலமாகச் சுருண்டு சுருண்டு விழும். கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆசை வரும், எடுக்கக் கூடாது.

இதோடு முடிந்தால் சாதாரண டியூப். சி.டி.டபிள்யூ. (கோல்டு டிரான் வெல்டட், சூடாக்காமல் இழுத்த டியூப்) என்றால் இதற்கு மேல் இன்னொரு வேலை. அமிலத்தில் கழுவி, பாஸ்பேட் பூசி, சோப்பு பூசி, டிரா பெஞ்ச் என்கிற இழுவை மெஷினில் வைத்து டை என்கிற அச்சுத் துளையின் வழியாக இழுப்பார்கள். டியூபுக்கு உள்ளே பிளக் என்கிற கட்டை இருக்கும். வெளி அளவும் உள் அளவும் அதில்தான் துல்லியமாக வரும். இழுக்க இழுக்க ஸ்டீல் கெட்டியாகும், அதனால் தேவைப்பட்டால் ஃபர்னஸில் அனீலிங் செய்து (சூடாக்கி மென்மையாக்கி) மறுபடி இழுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது சோதனைதான். டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, வெல்டு பக்கவாட்டில் வரும்படி வைத்து பிரஸ்ஸில் தட்டையாக நசுக்குவோம். சப்பாத்தி ஆன பிறகும் வெல்டில் மயிரிழை விரிசல்கூட வரக் கூடாது. வந்தால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமல் நேராக மில்லுக்கு ஓட வேண்டியதுதான்.

அம்பத்தூர் லேத்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருந்தேன். ஒரு தடவை விலை குறைவு என்று ஒரு வியாபாரியிடம் பெயர் தெரியாத டியூப் எடுத்தேன். வளைக்கிற மெஷினில் போட்டதும் தையல் பிரிந்த மாதிரி வெல்டு வாயைத் திறந்தது. பாதி லாட் பழைய இரும்புக்குப் போனது. பணம் திரும்பி வரவே இல்லை, அந்தக் கதை வேண்டாம்.

ஒரு விஷயம். ஆவடியில் செய்தது சைக்கிளோடு நின்றிருந்தால் இவ்வளவு காலம் ஓடியிருக்காது என்பது என் கணிப்பு. மோட்டார் பைக்கின் முன் ஃபோர்க், ஷாக் அப்சார்பர், லாரியின் புரொபெல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு), எல்லாம் டியூப்தானே. நாட்டில் வண்டி பெருகப் பெருக டியூபும் பெருகியது. அப்புறம் மொஹாலி, மகாராஷ்டிராவில் ஷிர்வல் என்று வெளியூரிலும் ஆலை வந்தது.

பர்மிங்காம் பக்கம்

நான் இப்போது இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கம் ஓல்ட்பரிக்குப் பக்கத்தில். ஆவடிக்கும் இந்த ஊருக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. 1919-இல் இந்தப் பகுதிக் கம்பெனிகள் நான்கு சேர்ந்ததுதான் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். நான்கில் ஒன்று ஓல்ட்பரியில் இருந்த ஆக்கிள்ஸ் அண்ட் பொலாக். அவர்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: உலகத்திலேயே மெல்லிய டியூப் எங்களுடையது என்று அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஒரு டியூபை அனுப்பிவைத்ததாம். இவர்கள் பதில் எழுதாமல் அதற்குள்ளேயே தங்கள் டியூப் ஒன்றை நுழைத்துத் திருப்பி அனுப்பினார்களாம். நிஜமோ கட்டுக்கதையோ, டியூப்காரர்களின் திமிர் அதில் தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே அந்தப் பெயரே போய்விட்டது. ராலே சைக்கிளைக்கூட 1960-இல் வாங்கிய பெரிய குழுமம், 2000-இல் ஸ்மித்ஸோடு இணைந்து முடிந்தது. சென்னையில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெயர் இன்னும் பங்குச் சந்தையில் ஓடுகிறது. 2020-இல் சி.ஜி. பவர் என்ற மின்சாதனக் கம்பெனியையே வாங்கியது. இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவராக இருந்த ஐவன் ஸ்டெட்ஃபோர்டைப் பற்றிக் கேட்டால் இங்கே ரயில்வே வரலாறு படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும், 1960-இல் ரயில்வேயை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் என்று.

ஆவடிவாசி

அம்பத்தூரில் ஆட்டோக்காரரைக் கேளுங்கள், ‘ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரியா, ஏறுங்க’ என்பார். 1966-இல் அவர் பெயரில் தொடங்கியது. என் தங்கை பிரசவம் அங்கேதான். அந்த ஸ்டெட்ஃபோர்டு யார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மூணாம் ஷிஃப்ட், ஒரு சந்தேகம். வெளியே பிதுங்கியதைச் சீவினீர்கள் சரி, உள்ளே பிதுங்கியது என்ன ஆகும்?

மூணாம் ஷிஃப்ட்

டியூப் எதற்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. நாற்காலிக் காலுக்கு என்றால் அப்படியே விட்டுவிடுவார்கள், விரலை விட்டுத் தடவினால் ஒரு வரப்பு தட்டுப்படும். சைக்கிளில் சீட் போஸ்ட் இறங்குகிற டியூபில் வரப்பு இருந்தால் போஸ்ட் இறங்காது, அதனால் உள்ளேயும் எடுத்தாக வேண்டும். ஷாக் அப்சார்பரில் பிஸ்டனே அந்தச் சுவரில்தான் உரசி ஓடுகிறது. அங்கே வெல்டு எந்தப் பக்கம் என்றே விரலுக்குத் தெரியக் கூடாது.