பலங் தம் கட்சியை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

முதல் பதிவு: குளோங் தோய்க்காரர்

தாய்லாந்துத் தேர்தல் என்றாலே முன்னாள் பிரதமர் தக்சின் குடும்பம், ராணுவம், சீர்திருத்தக்காரர்களின் ஆரஞ்சுக் கொடி என்று பேசி முடித்துவிடுகிறோம். எனக்கு நினைவில் நிற்பது வேறொரு சின்னக் கட்சி, பலங் தம். 'பலம்', 'தர்மம்' இரண்டும் அதற்குள் கேட்கிறதே என்று முதல் நாளே காதில் ஒட்டிக்கொண்ட பெயர். அதன் ஆட்களோடு பழகியவர்கள் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள். என் பங்கை முதலில் எழுதிவிடுகிறேன்.

1987 கடைசியில் பாங்காக்கில் கணக்கெழுதும் வேலைக்குப் போனேன். துறைமுகம் பக்கம் குளோங் தோயில் வாடகை அறை. குளியலறையில் ஒரு தொட்டி, அதில் மிதக்கும் அலுமினியக் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் 'கன்'. வந்த முதல் வாரம், நான் மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வெளியே நின்று கத்தினார்: "கவர்னரே அஞ்சு கன்ல குளிச்சுடறார், உனக்கு அம்பது கேக்குதா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் விளக்கினார்கள். நகர ஆளுநர் சம்லோங் ஸ்ரீமுவாங்குக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'மஹா ஹா கன்'. ஐந்து கிண்ணத் தண்ணீரில் குளிப்பவர். ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். மனைவி இருந்தும் பிரம்மச்சரியம். உழவர் போடும் நீலச் சாயச் சட்டை, மோ ஹோம் என்பார்கள். ஒட்ட வெட்டிய தலை. இத்தனைக்கும் ஆள் ராணுவத்தில் மேஜர் ஜெனரல், பிரதமர் பிரேமின் தலைமைச் செயலாளராக இருந்தவர். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தக்கூடாது என்று 1981இல் அந்தப் பதவியை விட்டார்.

1985இல் கட்சியே இல்லாமல் நின்று ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். அந்த ஆதரவுக் கூட்டத்தை வைத்து 1988இல் பலங் தம் தொடங்கினார். ஜூலைத் தேர்தலில் கிடைத்தது 14 இடம். அதற்கு மேல் போகாததற்குக் காரணமாக என் அலுவலகத்தில் சொன்னது ஒரே வார்த்தை, 'வாட்'. கோயில். போதிரக் என்ற துறவியின் சாந்தி அசோக் இயக்கத்தைச் சேர்ந்தவர் சம்லோங். அந்தத் துறவிகள் அரசு அங்கீகரித்த பௌத்த பிக்கு சங்கத்தோடு ஒத்துப்போகாதவர்கள். 1989இல் சங்கம் போதிரக்கைத் துறவியே இல்லை என்று விலக்கிவிட்டது. ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடக்கிற அசோக்காரர்கள் என்றால் புத்தரைக் கும்பிடுகிற ஊரிலும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார்கள்.

ஆனால் ஆளுநர் என்றால் யோசிக்கவில்லை. 1990 ஜனவரியில் மறுபடி நின்றபோது குளோங் தோய் சந்தைக்குள் அவர் நடந்து வந்ததைப் பார்த்தேன். மேளம் இல்லை, மாலை இல்லை. மீன் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையை ஏப்ரனில் இரண்டு முறை துடைத்துவிட்டு, மோந்து பார்த்து, திருப்தியில்லாமல் மூன்றாவது முறையும் துடைத்துவிட்டுத்தான் கும்பிட்டார். அவருக்கு அந்தத் தேர்தலில் விழுந்தது 7 லட்சத்துக்கு மேல். அந்த மூன்றாவது துடைப்பை நான் பார்த்திருந்ததால் எனக்கு எண்ணிக்கை ஆச்சரியமாக இல்லை.


பதில்: மாஹேசக் சாலைக்காரர்

காக்கா, நல்ல விஷயத்தை எடுத்தீங்க. நான் காயல்பட்டினம், எங்க ஊர்ல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவோம். சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துல மாஹேசக் ரோட்டுல எங்க மாமாவோட ரத்தினக் கல்லுக்கடை. 1989லேர்ந்து 2001 வரைக்கும் அங்கதான்.

கடையில கணக்குப் பார்த்தது ஒரு தாய் அக்கா. நாங்க 'பீ'ன்னு கூப்பிடுவோம், அவங்க ஊர்ல அக்காவுக்கும் அண்ணனுக்கும் அதான் வார்த்தை. வீட்டுக்காரர் பேங்க்ல வேலை. ரெண்டு பிள்ளைங்க. சாந்தி அசோக்குக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, மத்தியானம் பொரிச்ச பன்றிதான் வாங்கிட்டு வந்து எங்களுக்குத் தெரியாம மாடிப்படியில உக்காந்து சாப்பிடுவாங்க. ஆனா ஓட்டு மட்டும் பலங் தம்முக்கு. ஏன்னு கேட்டா, "அவர் திருட மாட்டார்"ன்னு ஒரே பதில். கொள்கை கிள்கைன்னு ஒண்ணும் பேச மாட்டாங்க.

1992 மார்ச்சுல அந்தக் கட்சிக்கு நாடு முழுக்க 41 சீட்டு. அதுல 32 பாங்காக்ல. பாங்காக்குக்கு மொத்தமே 35தான். அதாவது ஊரையே வாரிட்டாங்க, ஊரைத் தாண்டினா ஒண்ணுமில்ல. அப்பவே அதுதான் பலவீனம்னு மாமா சொன்னார். எங்களுக்கு ஜெயிச்சதுதான் கண்ணுக்குத் தெரிஞ்சது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். முந்தின வருஷம் ஆட்சியைப் பிடிச்ச ஜெனரல் சுச்சிந்தா, பிரதமர் ஆக மாட்டேன்னு சொன்னவர், ஏப்ரல்ல ஆனார். நாட்டுக்காகச் சொன்ன சொல்லைத் தியாகம் பண்றேன்னு விளக்கம் வேற. மே 4ஆம் தேதி சம்லோங் உண்ணாவிரதம் ஆரம்பிச்சார். சாகும்வரைன்னாரு, அஞ்சு நாள்ல முடிச்சுட்டாரு. பீக்கு அது பிடிக்கல. "சொன்னா செய்யணும்"ன்னு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்தாங்க. அப்படியும் போராட்டத்துக்குப் போறதை நிறுத்தல.

விசாகப் பண்டிகைக்காக ஒரு வாரம் நிறுத்தி வச்ச கூட்டம் மே 17 ஞாயிறு திரும்ப சனாம் லுவாங் மைதானத்துல கூடுச்சு. பீ கடைப் போனைக் கேட்டாங்க. அப்ப செல்போன்னா செங்கல் கணக்கா இருக்கும், விலையும் அப்படி. மாமா தயங்கிட்டுக் கொடுத்தார். அந்தக் கூட்டத்துக்கே பேப்பர்காரங்க 'மொபைல் போன் கூட்டம்'னு பேர் வச்சாங்க, ஆபீஸ் ஆளுங்க அத்தனை பேர் அதுல.

ராத்திரி எட்டரை ஒன்பது இருக்கும், போன் வந்தது. "கிளம்பிட்டோம், அரசு மாளிகைக்கு நடக்கிறோம்." அடுத்தது பான் ஃபா பாலத்துலேர்ந்து. முள்கம்பி போட்டு மறிச்சிருக்காங்க, தீயணைப்பு வண்டியிலேர்ந்து தண்ணி அடிக்கிறாங்கன்னாங்க. பின்னாடி சத்தம்தான் அதிகமாக் கேட்டது. அப்புறம் விடிய விடிய ஒண்ணும் வரல. மாமா பள்ளிவாசலுக்குப் போயிட்டு வந்து, மறுபடி போயிட்டு, திரும்ப வந்தார். பீயோட வீட்டுக்காரர் எங்க கடை வாசல்லயே உக்காந்துட்டார்.

திங்கக்கிழமை மத்தியானம் வந்தாங்க. சட்டையெல்லாம் காஞ்ச சேறு. பையிலேர்ந்து எடுத்து மேசைமேல வச்சாங்க, அங்க குழம்பு கட்டித் தருவாங்களே பிளாஸ்டிக் பை, வாயில காத்தை நிறுத்தி ரப்பர் பேண்டைச் சுத்தி, அந்த மாதிரி கட்டின பைக்குள்ள போன். ஒரு சொட்டு ஈரம் இல்ல. "மாமா திட்டக்கூடாதுன்னு"ன்னாங்க. அன்னிக்குத்தான் சம்லோங்கைக் கைது பண்ணாங்க. ராணுவம் சுட்டதுல செத்தவங்க அரசாங்கக் கணக்குலயே அம்பதை ஒட்டி வரும். காணாமப் போனவங்க தனி.

20ஆம் தேதி ராத்திரி ஊரடங்கு. டிவியில மன்னர் உக்காந்திருக்கார். கீழே கம்பளத்துல சுச்சிந்தா ஒரு பக்கம், அந்த நீலச் சட்டையோட சம்லோங் ஒரு பக்கம். ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சு கேட்டுட்டு இருக்காங்க. நாலு நாள்ல சுச்சிந்தா போயிட்டார்.


பதில்: முன்னாள் பத்திரிகை ஆசாமி

மாஹேசக்காரர் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டார். ஜெயித்த பக்கத்திலேயே சம்லோங் மேல் கோபம் இருந்தது. 'ஜனங்களைச் சாகக் கூட்டிப் போனவர்' என்ற பேச்சு செப்டம்பர் தேர்தல் முழுக்க ஓடியது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நாங்கள் நாடாளுமன்ற முறையை நம்புகிறவர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். யாரைக் குத்துகிறார்கள் என்று குழந்தைக்கும் தெரியும். பலங் தம் 47 இடம் வாங்கியது, அதுதான் அதன் உச்சம். ஆனால் பிரதமர் நாற்காலி ஜனநாயகக் கட்சியின் சுவான் லீக்பாய்க்குப் போனது, இவர்கள் கூட்டணியில் ஒரு பங்காளி. மே மாதத்தின் கூலி அடுத்த வீட்டுக்குப் போனதென்றே அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உள்ளே இரண்டு அணி. கோயில் அணி, அரசியல் அணி. முதல் அணிக்குப் பதவி வேண்டாம், நேர்மை வேண்டும். இரண்டாவதுக்கு இரண்டும் வேண்டும், முதலில் பதவி. 1995இல் நிலச் சீர்திருத்தப் பட்டா ஊழல் வந்தது. ஏழை விவசாயிக்குப் போக வேண்டிய 'சோ போ கோ' நிலம் பூக்கெட்டில் பணக்காரக் குடும்பங்களுக்குப் போயிருந்தது. பலங் தம் ஆதரவை விலக்கியது, சுவான் அரசு கலைந்தது. கட்சி செய்த கடைசி நல்ல காரியம் என்று அதைச் சொல்வேன். அதற்குள் வெளியுறவு அமைச்சராக ஒரு தொலைபேசித் தொழிலதிபரை சம்லோங்கே 1994இல் அழைத்து வந்திருந்தார். தக்சின் சினவத்ர. அடுத்த வருஷம் தலைமையையும் கொடுத்துவிட்டார். மொபைல் போன் கூட்டத்தால் வளர்ந்த கட்சி மொபைல் போன் முதலாளி கைக்குப் போனதை எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று வெட்டியிருப்போம்.


பதில்: நூல் விற்றவர்

அட, தக்சின் காலத்துக்கு நான் சாட்சி. 1995 ஜூலைத் தேர்தல்ல கட்சி 23க்கு இறங்கிடுச்சு. பன்ஹார்ன் கூட்டணியில தக்சின் துணைப் பிரதமர், பாங்காக் டிராஃபிக் அவர் பொறுப்பு. ஆறு மாசத்துல சரி பண்றேன்னார். நான் அப்ப நூல் கம்பெனி சேல்ஸ். காலையில சுகும்வித்ல ஏறினா மத்தியானத்துக்குள்ள ஆற்றைத் தாண்டினா அதிர்ஷ்டம். பெட்ரோல் பங்க்ல கார்ல வச்சுக்கிற சிறுநீர்ப் பை விப்பாங்க, ஜோக் இல்ல, என் கார்லயும் ஒண்ணு இருந்தது. ஆறாவது மாசம் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேக் வாங்கிட்டு வந்தார். அதை வெட்ட வேண்டிய மேனேஜர் வந்து சேரவே பதினொண்ணே கால் ஆச்சு. சாலை நடுவுல தூண் எழும்பிட்டு இருந்தது, ஸ்கைடிரெயின். அது ஓட ஆரம்பிச்சது 1999 டிசம்பர்ல. அதுக்குள்ள கட்சி எங்கேயோ.


பதில்: சைவக்காரி

சகோதரர்கள் எல்லாரும் அரசியலாகவே பேசுகிறீர்கள். நான் சோற்றைப் பற்றிப் பேசுகிறேன். கணவர் வேலைக்காக 1993இல் போனோம். முட்டைகூடத் தொடாத வீடு. மீன் சாறு இல்லாத ஒரு தட்டு கிடைக்காமல் மூன்று மாதம் அழுதேன். பிறகு பக்கத்து வீட்டு அம்மா 'மங்சவிரத்', அதாவது சைவம், என்று ஒரு இடத்தை எழுதிக் கொடுத்தார். மாம்சம், விரதி. படித்ததும் சிரித்துவிட்டேன், நம் தாத்தா வாயில் வருகிற சொல். சதுசக் சந்தைக்குப் பக்கத்தில் அசோக்காரர்கள் நடத்திய சாப்பாட்டுக் கூடம் அது.

முதலில் சீட்டு வாங்க வேண்டும். சிவப்பரிசிச் சோறு, மேலே இரண்டு கறி, அநியாயத்துக்கு மலிவு. சாப்பிட்டு முடித்தால் தட்டை நாமே கழுவ வேண்டும். வரிசையாகத் தொட்டிகள், சோப்பு நீர், பிறகு அலசல், பிறகு அலசல். என் முன்னால் டை கட்டிய ஒருவர் சட்டைக் கையை மடித்துக் கரண்டியின் பின்பக்கம்கூட விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அலசி வைத்ததை ஒரு கிழவி எடுத்துப் பார்த்து, விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். வெறுங்கால், நீலச் சட்டை. அவர்தான் பிறகு எனக்குத் தோழி ஆனார்.

1988 தேர்தலில் தெருத்தெருவாகக் கட்சிக்காக நடந்தவராம். தக்சின் தலைவரானதும் கட்சி அலுவலகம் போவதை நிறுத்திவிட்டார். சண்டை போட்டீர்களா என்று கேட்டேன். "இல்லை, அங்கே ஏசி போட்டுவிட்டார்கள், எனக்குக் குளிர்ந்தது" என்றார். இன்றுவரை அது கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியாது.


பதில்: குளோங் தோய்க்காரர்

அக்கா, ஏசி பிரமாதம். நான் 1994இல் திரும்பிவிட்டதால் முடிவைப் பார்க்கவில்லை. 1996 நவம்பரில் ஒரே ஒரு இடம் என்று பேப்பரில் படித்து அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.


பதில்: முன்னாள் பத்திரிகை ஆசாமி

அச்சுப்பிழை இல்லை ஐயா. ஜூனில் சம்லோங்கே மறுபடி ஆளுநருக்கு நின்று பிச்சித் ரத்தகுலிடம் தோற்றார். தக்சின் பொதுத்தேர்தலில் நிற்கவே இல்லை. ஜெயித்தது சுதாரத் ஒருவர்தான். 1998இல் தக்சின் தை ரக் தை என்று சொந்தக் கட்சி தொடங்கியதும் அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

நான் சம்லோங்கைக் கடைசியாகப் பார்த்தது 2008இல், மக்கவான் பாலத்துப் பக்கம் மஞ்சள் சட்டைக்காரர்கள் முகாமில். தான் அழைத்து வந்த தக்சினுக்கு எதிராக 2006லிருந்தே மேடை ஏறிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியவர், அதே சட்டை. மேடைக்குப் பின்னால் அசோக்காரர்கள் பெரிய பாத்திரங்களில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். 1992இல் சுட்ட ராணுவத்தையே இந்தக் கூட்டத்தில் சிலர் வா வா என்று அழைத்தது எனக்கு ஒட்டவில்லை. ஒரு தட்டு கொடுத்தார்கள், சாப்பிட்டேன். கழுவித்தான் வைத்தேன் அக்கா.


பதில்: சைவக்காரி

விளிம்பையும் பார்த்தீர்களா?


பதில்: குளோங் தோய்க்காரர்

மாஹேசக் காக்கா, உங்கள் பீ 1996இல் யாருக்குப் போட்டார்? கேட்டீர்களா?


பதில்: மாஹேசக் சாலைக்காரர்

கேட்டேன் காக்கா. பலங் தம்முக்குத்தான். அவங்க தொகுதியில அது தோத்துடுச்சு. திங்கக்கிழமை வந்து வழக்கம்போல லெட்ஜரைத் திறந்தாங்க. மாமா கிண்டலா, "ஓட்டு வீணாப் போச்சே பீ"ன்னார். நிமிராமலே, "அஞ்சு தடவை போட்டேன், ஆளுநருக்குப் போட்டதைச் சேர்க்காம. இது ஒண்ணுதான் வீண்"ன்னாங்க. மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். 88, 92ல ரெண்டு, 95, 96. அஞ்சு சரிதான்.