லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு விளையாட்டுச் சாமான் வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்காரி

வணக்கம். வீட்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். பட்ஜீஸ் என்பதுதான் சரியான பெயராம், எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் கடையில் ஒரு தொங்கல் வாங்கி மாட்டினேன். சாயம் போட்ட கயிறு, பாசிமணி, அடியில் கொலுசில் வருகிற மாதிரி கீறல் விட்ட சலங்கை மணி. மூன்றாம் நாள் காலையில் கூண்டுத் துணியை எடுத்தால் ஆண் குஞ்சு தலைகீழாகத் தொங்குகிறது. நகம் மணியின் கீறலுக்குள் மாட்டிக்கொண்டது. எவ்வளவு நேரமாகத் தொங்கியதோ. கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, மணியை மெல்லத் திருப்பி எடுத்தேன். நகத்தில் ரத்தம். மஞ்சள்தூள் வைத்து அழுத்திப் பிடித்ததில் நின்றுவிட்டது. இப்போது நன்றாகத் தின்கிறது.

இனி கடைச் சாமான் வேண்டாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பவை: சிரட்டை, பனை ஓலை, மகளின் பழைய வளையல்கள், சாவி வளையம், கொஞ்சம் ஜி.ஐ. கம்பி. இவற்றில் எதை வைத்துச் செய்யலாம்? கண்ணாடி மாட்டலாமா?

பதில்: உடன்குடிக்காரன்

தங்கச்சி, முதலில் அந்த ஜி.ஐ. கம்பியைத் தூக்கித் தூரப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதில் நான் பட்டிருக்கிறேன். மாடியில் பதினான்கு பட்ஜீஸ் வைத்திருந்த காலம். வேப்பங்குச்சிகளை அடுக்கி ஏணி செய்து, புது ஜி.ஐ. கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. குச்சியைக் கடிக்கும் என்று நான் நினைக்க, ஒரு பெட்டை கம்பியைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தது, எச்சம் பச்சையாகத் தண்ணீராகப் போனது. கால்நடை மருத்துவர் கம்பியைப் பார்த்ததுமே துத்தநாகமாக இருக்கும் என்றார். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பிக்கு மேல் பூசுகிறார்களே, அது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உயிர், அதற்கு எவ்வளவு வேண்டும்? நான்காம் நாள் போய்விட்டது. அன்றிலிருந்து எந்தத் தொங்கலைப் பார்த்தாலும் முதலில் எதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

ஆகவே கட்டுவதற்குப் பனை நார். மட்டையிலிருந்து கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் சொன்னபடி வளையும், காய்ந்ததும் இறுகிவிடும். பறவை கடித்தால் அறுந்து விழும், அவ்வளவுதான். நூல் மாதிரிப் பிசிர் பிசிராகப் பிரிந்து விரலைச் சுற்றாது. முடிச்சுக்கு மேல் மிச்ச நாரை ஒட்ட வெட்டுங்கள், தலை நுழைகிற கண்ணி எங்கேயும் இருக்கக் கூடாது. கூண்டுக் கம்பியில் மாட்டும் கொக்கி மட்டும் எவர்சில்வராக இருக்கட்டும். சாவி வளையம் ஆகவே ஆகாது, அந்த இரண்டு சுற்றுக்கு நடுவில் அலகும் விரலும் மாட்டும்.

வளையலில் கண்ணாடி, அரக்கு, ஜிகினா ஒட்டியது, கல் வைத்தது எல்லாம் கழித்துவிடுங்கள். கெட்டியான வெறும் பிளாஸ்டிக் வளையல் ஊஞ்சலுக்கு ஆகும். ஆனால் மகளுடையது வேண்டாம், உங்களுடையது 2.6 அளவு என்றால் அதை எடுங்கள். வளையம் எதுவானாலும் ஒன்று தலையே நுழையக் கூடாது, இல்லை முழு உடம்பும் தாராளமாகப் புகுந்து வெளியே வரவேண்டும். நடுத்தரமாக இருப்பதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

சிரட்டையை முழுசாகக் குகை மாதிரித் தொங்கவிடாதீர்கள். முட்டையிடப் பானை வைத்துவிட்டார்கள் என்று பெட்டை நினைத்துக்கொள்ளும், அப்புறம் முட்டை மேல் முட்டையாக இட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளும். ரம்பத்தால் சின்னத் துண்டுகளாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, ஓட்டை போட்டுக் கோர்க்கலாம்.

ஓலைதான் எல்லாவற்றிலும் விசேஷம். சாயம் போடாத ஓலைக் கிலுகிலுப்பை கிடைத்தால் வாங்குங்கள். உள்ளே கல் இருக்கும், ஒரு பக்கம் பிரித்து அதைக் கொட்டிவிட்டு ஒரு கை தினையைப் போட்டு மூடுங்கள். என் பெட்டை ஒன்று முதல் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் ஒரே ஒரு முடைச்சலைப் பிடித்து இழுத்தது, இரண்டு தினை விழுந்தது. அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் கிலுகிலுப்பை நார் நாராகத் தரையில் கிடந்தது. நாலு நாளைக்கு ஒன்று தேவைப்படும். அழிந்தால் அழியட்டும், அதற்குத்தானே செய்கிறோம்.

பதில்: அம்பத்தூர் மாடி

அண்ணாச்சி கண்ணாடியை விட்டுவிட்டார். வைக்காதீர்கள் அக்கா. என் ஆண் பறவை தனியாக இருந்தபோது கண்ணாடி வைத்தேன். நாள் முழுக்க அதற்கு முன்னால் தலையாட்டும், தின்றதைக் கக்கிக் கண்ணாடிக்கு ஊட்டும். காலையில் பார்த்தால் கண்ணாடி பூராவும் காய்ந்த தினை. எங்களிடம் வருவதே நின்றுபோனது. கழற்றிவிட்டு ஒரு துணை வாங்கிவிட்டதும் சரியானது. உங்களிடம் ஜோடியே இருக்கிறது, கண்ணாடி எதற்கு?

ஆனால் கயிறு விஷயத்தில் அண்ணாச்சி பயமுறுத்துகிறார் என்று தோன்றுகிறது. என் கூண்டில் பருத்திக் கயிறு மூன்று வருடமாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

பதில்: உடன்குடிக்காரன்

தம்பி, ஆகாதவரை ஆகாததுதான். அந்தக் கயிற்றை இன்றைக்கு இறக்கி வெளிச்சத்தில் பாருங்கள். பிசிர் இருந்தால் வெட்டிவிடுங்கள். கடித்து முழுங்கினால் இரைப்பையில் பந்தாகத் திரளும், அது வெளியிலிருந்து தெரியாது.

தங்கச்சிக்கு இன்னொன்று. முருங்கைக் குச்சி, கொய்யாக் குச்சி பட்டையோடு கொடுக்கலாம், உரித்து விளையாடும். மருந்தடித்த மரமாக இருக்கக் கூடாது. கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவையுங்கள். அரளி, எருக்கு பக்கமே போகாதீர்கள். அலகு தீட்டக் கடல்நுரை நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும், கணவாய் மீன் ஓடுதான் அது.

பதில்: அம்பத்தூர் மாடி

இறக்கிப் பார்த்தேன் அண்ணாச்சி. கயிறு குப்பைக்குப் போய்விட்டது. நார் எங்கே கிடைக்கும்? சென்னையில் பனைக்கு எங்கே போவேன்?

பதில்: பாளையங்கோட்டைக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கிலுகிலுப்பை வாங்கித் தினை போட்டு மாட்டினேன். இரண்டும் பயந்து எதிர்மூலையில் ஒட்டிக்கொண்டு சாப்பிடவே வரவில்லை. கழற்றி, கூண்டுக்கு வெளியே ஓரடி தள்ளித் தொங்கவிட்டேன். தினம் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து நான்காம் நாள் உள்ளே வைத்தேன். இன்று காலை பெட்டை அதன் மேலேயே உட்கார்ந்து பிய்க்கிறது. ஆண் கீழே நின்று விழுகிற தினையைப் பொறுக்குகிறது. உழைப்பெல்லாம் அவளுடையது!

அம்பத்தூர் தம்பி, நார் எங்கள் அம்மா வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள்.