எர்ணாகுளம் பதிவெண்ணுள்ள 2018 பிஎம்டபிள்யூ 520டி: வெள்ளத்தில் நின்ற காரா என்று உறுதி செய்வது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியிருக்கிறேன். தொழில் பொள்ளாச்சியில், தென்னை நார் சார்ந்தது. நாள்தோறும் கோபாலபுரம் வழியாகப் போய் வருகிறேன். ஏற்றுமதி வேலையாக அவ்வப்போது கொச்சிக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. வயதான பெற்றோரை அலுப்பில்லாமல் அழைத்துச் செல்லவும் உதவும் என்று ஒரு நல்ல செடான் தேடுகிறேன். எல்லாச் செலவும் சேர்த்து 30 லட்சம் ரூபாய்தான் என் எல்லை. 2024 ஜூலையில் வந்த நீளமான பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் ஷோரூம் விலையே 72.9 லட்சமாக இருந்ததால், புதிய காரைப் பற்றி நினைக்கவில்லை.

கொச்சியில் ஒரு பழைய கார் விற்பனையகத்தில் அதே வரிசையின் டீசல் மாடலான 520டி ஒன்றைப் பார்த்தேன். 2018 ஜனவரியில் எர்ணாகுளத்தில் பதிவானது, இதுவரை ஒரே உரிமையாளர், ஓட்டம் 62,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 26 லட்சம். ஓட்டம் அருமையாக இருந்தது. ஆனால் மூன்று விஷயங்கள் மனத்தை உறுத்துகின்றன. ஏசி போட்டவுடன் ஒரு நிமிடம் ஈர வாடை வந்து பிறகு மறைகிறது. டிக்கி சில நேரம் பொத்தானை அழுத்தினாலும் திறப்பதில்லை. பின்வரிசையின் தரைவிரிப்பு முன்வரிசையினதைவிடப் புதிதாகத் தெரிகிறது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் நின்றதா என்று நேரடியாகக் கேட்டேன். இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்டி, 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருப்பதால் இந்தக் காருக்கு ஒருபோதும் கிளெய்ம் போடவில்லை என்பதற்கு அதுவே சான்று என்கிறார்கள். இதை நம்பலாமா? கோவையில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் வேறொரு 520டியும் விலைக்கு இருக்கிறது. நான் கேரளவாசி என்பதால் அதில் சிக்கல் வருமா?

மறுமொழி: மீனாட்சிபுரம் வண்டிக்காரர்

பதிவெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் குடியிருப்பது கேரளத்தில் என்பதால், எர்ணாகுளம் காரை வாங்கினால் அதே பதிவெண்ணில் பெயர் மாற்றம் செய்தால் போதும். சாலை வரி ஏற்கெனவே 15 ஆண்டுக்குக் கட்டப்பட்டிருக்கும். தினமும் பொள்ளாச்சிக்குப் போய்வருவதால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டிய கட்டாயம் வந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்தைப் பற்றியது; இரவில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அது பொருந்தாது. சோதனையில் கேட்டால் காட்டுவதற்கு முகவரிச் சான்றின் நகல் ஒன்றைக் காரிலேயே வைத்திருங்கள். எல்லையோரத்தில் எல்லோரும் செய்வதுதான்.

மறுமொழி: ஓய்வுபெற்ற சர்வேயர், கோவை

தம்பி, வாகன இன்சூரன்ஸ் சேதங்களை மதிப்பிடுவது என் தொழிலாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்போதைய பாலிசியில் 50 சதவீத போனஸ் இருப்பது 2018ஆம் ஆண்டைப் பற்றி எதையும் சொல்லாது.

கணக்கைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதம், அடுத்து 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது புதுப்பிப்பில் 50 சதவீதத்தில் நிற்கும். ஜனவரி 2018இல் புதிதாக வாங்கிய காருக்குக் கிளெய்மே இல்லையென்றால் 2023 ஜனவரியில் 50 சதவீதம் வந்திருக்கும். 2018 ஆகஸ்டில் கிளெய்ம் போட்டிருந்தால் 2019 ஜனவரியில் பூஜ்யமாகி, அங்கிருந்து மறுபடி ஏறி, 2024 ஜனவரியில் அதே 50 சதவீதத்தை எட்டியிருக்கும். எந்தக் கதை உண்மையாக இருந்தாலும் இன்று கையில் இருக்கும் தாள் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளின் பாலிசிகள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏனென்றால் போனஸ் காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. அவர் தம் பழைய காரின் போனஸை இதற்கு மாற்றியிருந்தால் 2018 பாலிசியிலேயே ஒரு சதவீதம் இருக்கும், 2019இல் அது தொடர்ந்திருக்கும். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் கிளெய்முக்குப் பிறகும் போனஸ் குறையாமல் இருக்கலாம். பாலிசியின் இணைப்புகளில் அதையும் பாருங்கள்.

ஒரே உரிமையாளர் என்பது ஓரளவு நல்ல அறிகுறி. பழுதுபார்க்கும் செலவு காப்பு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாகக் கணக்கிடுவார்கள். அந்தக் காரை ஏலத்தில் எடுப்பவர்கள் பழுதுபார்த்து விற்கும்போது ஆர்.சி.யில் கை மாறியிருக்கும். உங்கள் காரில் அது நடக்கவில்லை. ஆனால் தரைமட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, இருக்கைக்குக் கீழே உள்ள மின்னணுப் பெட்டிகளை மட்டும் மாற்றிய கார்களும் உண்டு. கிளெய்மே போடாமல் கைக்காசில் சரிசெய்தவர்களும் உண்டு. அதனால் தாள்களோடு நின்றுவிடக் கூடாது.

உரிமையாளரின் முகவரியையும் பாருங்கள். எர்ணாகுளம் பதிவெண் என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்படுவது நியாயமன்று. 2018 ஆகஸ்டில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை பெரியாற்றை ஒட்டிய ஆலுவா, பறவூர், காலடி போன்ற பகுதிகள். கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. நகரத்தின் பல பகுதிகளில் அந்த அளவுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

நீங்கள் சொன்ன மூன்றில் ஏசி வாடையை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். மேற்குக் கடற்கரையின் ஈரக்காற்றில் ஏசியின் குளிர்விக்கும் பகுதியான எவாபரேட்டரில் பூஞ்சை பிடிக்காத பழைய கார் அரிது. டிக்கி திறக்காதது பேட்டரி பலவீனமாகவும் இருக்கலாம். எனக்கு உறுத்துவது தரைவிரிப்புதான். ஒருவர் பின்வரிசை விரிப்பை மட்டும் எதற்காக மாற்ற வேண்டும்?

மறுமொழி: வாளையார் ஒர்க்‌ஷாப்

சர்வேயர் ஐயா சொன்னதற்கு மேல் இரண்டு வார்த்தை. இந்த மாடலில் பேட்டரி பானட்டுக்குள் இல்லை, டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பின்பக்கத்தில்தான். எனவே பின்புறம் தண்ணீர் தேங்கியிருந்தால் டிக்கி பூட்டு தகராறு செய்வது இயல்பு. டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கி, பேட்டரி குழியின் மூலைகளில் வண்டல் கோடு இருக்கிறதா, கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத்தான் கழுவுவார்கள். சீட் ரயிலின் அடிப்பக்கத்தையும், கதவு ஓரத்து ரப்பருக்குள்ளும், டாஷ்போர்டின் அடியில் உள்ள திருகுகளின் தலையையும் மறந்துவிடுவார்கள். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கறை வருடக்கணக்கில் இருக்கும்.

பிறகு காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட வேண்டும். சேமித்து வைத்த பிழைகள் ஒன்றுமே இல்லாமல் துப்புரவாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். சுய பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கருவி காட்டினால், அண்மையில்தான் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கிலோமீட்டர் அளவு மீட்டரில் மட்டுமல்லாமல் சாவியிலும் பதிவாகும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சாவியைப் படிக்கச் சொல்லி ஒப்பிடலாம்.

சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, 2018இல் டீசல் பிஎம்டபிள்யூக்களுக்கு அறிவிக்கப்பட்ட ஈ.ஜி.ஆர். குளிர்விப்பான் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) தொடர்பான திரும்ப அழைப்பில் இந்தக் கார் வருகிறதா என்றும் கேளுங்கள். தென் கொரியாவில் 520டி கார்கள் தீப்பிடித்த பிறகு வந்த அறிவிப்பு அது. எட்டு கியர் கொண்ட கியர்பெட்டி ZF என்று அறியப்படும் நிறுவனத்துடையது, உறுதியானது; ஆனால் அதைச் செய்தவர்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் ஒவ்வொன்றும் 20,000 ரூபாயைத் தாண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும், அதைப் பார்த்து விலையைப் பேசுங்கள். மதிப்பு பாதியாகக் குறைந்த காரானாலும் உதிரி பாகங்கள் 2017இல் 49.9 லட்சத்துக்கு அறிமுகமான காரின் விலையிலேயே வரும். அதனால் 30 லட்சத்தில் மூன்றையாவது தனியாக எடுத்து வைத்துவிட்டே வாங்குங்கள்.

மறுமொழி: டெல்லி வழி

இவ்வளவு சிரமம் எதற்கு? டெல்லியில் இதே கார் பல லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. பதிவைப் புதுச்சேரியில் உள்ள உறவினர் முகவரியில் போட்டுக்கொண்டால் வரியும் மிச்சம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற சர்வேயர், கோவை

அன்பரே, டெல்லியில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் கார்களுக்கு அங்கே வந்த தடையைப் பற்றிய பயம்; 2018 மாடலுக்கும் அந்த நாள் நெருங்குவதாக நினைத்து விற்கிறார்கள். கொண்டுவந்து வரி கட்டி முடித்தால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரி யோசனையை அச்சில் எழுதுவதே தவறு. கேரளத்தில் குடியிருந்துகொண்டு அங்கே பொய்யான முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிந்தவர்கள் மீது 2017 முதல் வழக்குகள் நடந்தன. தம்பி இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

அனைவருக்கும் நன்றி. விற்பனையகம் பழைய பாலிசிகள் இல்லை என்றதால், உரிமையாளரையே அலைபேசியில் பேச வைக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, வீடு வடக்கு பறவூர் பக்கம் என்றும், அந்த ஆகஸ்டில் கார் போர்ட்டிகோவில் நின்றதென்றும், தண்ணீர் இருக்கை அடிவரை வந்ததென்றும் அவரே சொன்னார். 2019 பாலிசியின் படத்தையும் அனுப்பினார்: போனஸ் பூஜ்யம். தரைவிரிப்பும் சில மின்னணுப் பெட்டிகளும் அப்போது முறையாக மாற்றப்பட்டன, அதன்பிறகு தொல்லையில்லை என்கிறார். விற்பனையகம் இப்போது நான்கு லட்சம் குறைக்க முன்வருகிறது. அந்த விலைக்கு வாங்கலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற சர்வேயர், கோவை

உரிமையாளர் நேர்மையானவர்; அவருக்காக மகிழ்ச்சி. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மாற்றிய பெட்டிகள் அல்ல, மாற்றாமல் விட்ட ஒயரிங்தான் கவலை. தரைவிரிப்புக்குக் கீழே ஓடும் கம்பிகளின் முனைகளில் ஈரம் ஊறி அரிக்க ஆண்டுகள் ஆகும். டிக்கி பூட்டு அதன் தொடக்கமாக இருக்கலாம். காற்றுப்பை, பிரேக் தொடர்பான கம்பிகளும் அங்கேதான் ஓடுகின்றன. வயதான பெற்றோரை உட்கார வைக்கப் போகிறீர்கள். பின்னாளில் நீங்கள் விற்கும்போது நீங்களும் இதைச் சொல்லியே விற்க வேண்டியிருக்கும். அப்போது நான்கு லட்சம் போதாது.

விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 20 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் போய் 40 சதவீதம் மட்டும் என்றாகிவிட்டதால், புதிய கார்களின் விலை சுமார் ஐந்து சதவீதம் இறங்க இடம் கிடைத்தது. பழைய காருக்கு அதற்கு முந்தைய விலையையே சொல்லுபவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

கொச்சிக் காரை விட்டுவிட்டேன். கோவைக் கார் 2019இல் பதிவானது, 58,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர். பாலிசிகளை எல்லா ஆண்டுக்கும் கொடுத்துவிட்டார்கள், 2024 புதுப்பிப்பில் 50 சதவீதம் வரை இடைவெளியில்லாமல் ஏறியிருக்கிறது. வாளையார் அண்ணாவிடம் காட்டினேன், அடிப்பகுதி சுத்தமாக இருந்தது. இனி பதிவு வேலைகளை எப்படிச் செய்வது?

மறுமொழி: மீனாட்சிபுரம் வண்டிக்காரர்

முதலில் ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் படிவம் 35 மூலம் அதை நீக்கச் சொல்லுங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களை அரசின் பரிவாஹன் தளத்தில் தேடிக் கட்டி முடிக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் வந்து போன காராக இருந்தால் 2023 ஜூன் முதல் இயங்கும் கேரளப் போக்குவரத்துக் கேமராக்களில் ஏதாவது சிக்கியிருக்கக்கூடும். பிறகு கோவை ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் கேரளத்துக்கான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, பாலக்காட்டுச் சித்தூர் அலுவலகத்தில் படிவம் 27இல் புதிய பதிவெண்ணுக்கும், படிவம் 29, 30இல் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். கேரள வரியைக் காரின் ஆரம்ப விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சித்தூரில் தொகையைக் கேட்டு, அதையும் சேர்த்தே விலையைப் பேசி முடியுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற அங்கே தனியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பெயர் மாறும் வரை மூன்றாம் தரப்புக் காப்பு மட்டுமே தானாகத் தொடரும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பு இருக்காது. பழைய உரிமையாளரின் 50 சதவீதம் உங்களுக்கு வராது என்பதால் பிரீமிய வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் வாங்குவதாக இருந்தால் எஞ்சின் பாதுகாப்புக் காப்பையும் சேர்த்து எடுங்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் பூட்டிக்கொண்டால் சாதாரண பாலிசியில் பணம் தர மாட்டார்கள்.