கலைச்சொல் விவாதம்: சிமுலேட்டர் காட்டும் இரண்டாவது உயரத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுமத்தினருக்கு வணக்கம்.

திறமூல விமான சிமுலேட்டர் ஒன்றின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, வளிமண்டலப் பலகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக 'உயரம்: 20,063 மீட்டர்', 'உயரம்: 20,000 மீட்டர்' என்று இரண்டு வரிகள் வந்து நின்றன. விமானமும் ஒன்றே, கணமும் ஒன்றே. மூலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருக்க, இரண்டையும் 'உயரம்' என்றே எழுதிவைத்தது என் பிழை. முதலாவது, கடல்மட்டத்திலிருந்து அளவுநாடா பிடித்தால் கிடைக்கும் உயரம். இரண்டாவதை ஜியோபொட்டன்ஷியல் உயரம் என்கிறார்கள். உயரே போகப்போக ஈர்ப்பு குறைவதை இந்த விளையாட்டுகள் எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்று சென்ற வாரம் இங்கே எழுந்த கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த 63 மீட்டருக்குள் இருக்கிறது என்பதால், சொல்லுக்குப் போகுமுன் பொருளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஈர்ப்பு முடுக்கம் புவிமையத் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. புவியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால், பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீட்டரில் அக்குறைவு 0.34 விழுக்காடு மட்டுமே. எழுபது டன் விமானத்துக்கு இது ஏறத்தாழ 240 கிலோ. அந்த அளவு எரிபொருளை அத்தகைய விமானம் ஆறேழு நிமிடத்தில் எரித்துத் தீர்த்துவிடும். ஆகவே ஈர்ப்பு முடுக்கத்தை 9.80665 (மீ/நொடி²) என்ற ஒரே எண்ணாக வைத்துக்கொண்ட சிமுலேட்டரில் ஓட்டுபவர் கைப்பிடி வழியாக எந்த வேறுபாட்டையும் உணரமாட்டார். உயரத்தில் விமானம் 'இலேசாக' நடந்துகொள்வதாக விளையாடுபவர்கள் சொல்வது காற்றின் அடர்த்தி குறைவதன் விளைவு, ஈர்ப்பின் விளைவு அன்று.

உயரத்தை விட்டுவிட்டு அகலாங்கைப் பார்த்தால் இன்னும் பெரிய வேறுபாடு தெரிகிறது. நிலநடுக்கோட்டில் 9.780 ஆக உள்ள ஈர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.832 ஆகிறது. இது அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். நிலநடுக்கோட்டின்மேல் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கிழக்கே பறக்கும் விமானத்தின் எடை, புவி சுழல்வதாலும் அதன் பரப்பு வளைந்திருப்பதாலும் மேலும் 0.47 விழுக்காடு குறைகிறது. மேற்கே திரும்பினால் எடை கூடுகிறது. உயரத்தால் வரும் குறைவை மட்டும் சேர்த்துவிட்டு இவ்விரண்டையும் விட்டுவிடும் நிரலை 'துல்லியமானது' என்று விளம்பரப்படுத்துவது, ரூபாயை விட்டுவிட்டுப் பைசாவை எண்ணுவது போன்றது. ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் பயன்படுத்தும் ஜேஎஸ்பிசிம் என்ற இயக்கவியல் நிரலில் எதிர்இருமடி விதி மட்டுமன்றி, புவியின் துருவத்தட்டையையும் கணக்கில் கொள்ளும் மாதிரியும் உண்டு. ஈர்ப்பின் மாற்றத்தைக் கண்கூடாகக் காண விரும்புபவர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்வெளி விளையாட்டில் பார்க்கலாம். அதிலுள்ள கற்பனைக் கோளின் ஆரம் 600 கிலோமீட்டரே என்பதால், அதன் வளிமண்டலம் முடியும் 70 கிலோமீட்டரிலேயே ஈர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

இப்போது அந்த 63 மீட்டர். ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் வெப்பநிலை, அழுத்தம், அடர்த்தி என்ன என்று தரும் நியம வளிமண்டல அட்டவணையை வகுத்தவர்கள், மேலே போகப்போக மாறும் ஈர்ப்பை ஒவ்வொரு படியிலும் கணக்கிடுவதற்குப் பதிலாக, உயரத்தின் அளவுகோலையே மாற்றிக்கொண்டார்கள். ஈர்ப்பு எங்கும் கடல்மட்ட அளவிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பொருளை இங்கிருந்து அங்கே தூக்க உண்மையில் ஆகும் அதே ஆற்றலைக் கொண்டு எவ்வளவு உயரம் தூக்கியிருக்க முடியும் என்பதே இரண்டாவது உயரம். 1963 ஆகஸ்ட் 22 அன்று எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை அதன் விமானி ஜோ வாக்கர் ஏறத்தாழ 107.96 கிலோமீட்டருக்கு ஏற்றினார். ஈர்ப்பு குறையாத உலகில் அந்தத் தூக்கலுக்கான ஆற்றல் 106.16 கிலோமீட்டருக்கே போதுமானதாக இருந்திருக்கும். வெப்பநிலை கிலோமீட்டருக்கு 6.5 பாகை குறைகிறது, 11 கிலோமீட்டரில் அக்குறைவு நிற்கிறது என்று நாம் படிப்பதெல்லாம் இந்த இரண்டாவது உயரத்தில் சொல்லப்பட்டவை. அளவுநாடாவில் அந்த எல்லை 11,019 மீட்டர்.

ஆக, ஈர்ப்பை மாறிலியாக வைத்திருக்கும் சிமுலேட்டரும் இந்த அட்டவணையைச் சரியாகப் பயன்படுத்தினால், காற்றின் வழியாக ஈர்ப்பின் மாற்றத்தைப் பாதியளவு ஏற்றுக்கொண்டதாகிறது. நாடா உயரத்தை மாற்றாமல் அப்படியே அட்டவணைக்குக் கொடுத்தால் 20 கிலோமீட்டரில் காற்றின் அடர்த்தி ஒரு விழுக்காடு பிசகும், 70 கிலோமீட்டரைத் தாண்டினால் பத்து விழுக்காட்டுக்கும் மேல் பிசகும். இவ்விரண்டு உயரங்களுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இந்தப் பிழையை விளக்கவே முடியாது.

இனிச் சொல். இதுவரை வந்த முன்மொழிவுகள் மூன்று. 'புவிநிலையாற்றல் உயரம்' பிழையற்றது, ஆனால் பலகத்தில் அடங்காது, பொருளையும் காட்டாது. 'ஈர்ப்பழுத்த உயரம்' என்பதை இலங்கை வழக்கை ஒட்டி முன்மொழிந்தார்கள். அங்கே பொட்டன்ஷியலுக்கு அழுத்தம், காற்றின் பிரஷருக்கு அமுக்கம் என்று தெளிவான பிரிவு உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த பிரிவும்கூட. தமிழ்நாட்டு வழக்கில் காற்றுக்கே அழுத்தம் என்றாகிவிட்டதால், காற்றின் அழுத்தத்தைக் கொண்டு கணிக்கும், விமானத்தில் ஏற்கெனவே உள்ள 'அழுத்த உயரம்' என்ற வேறொரு அளவோடு இது மோதும். 'ஆற்றல் உயரம்' அழகாக இருக்கிறது, ஆனால் விமானத்தின் உயரத்தோடு வேகத்தின் ஆற்றலையும் உயரமாக மாற்றிக் கூட்டும் அளவுக்கு அச்சொல் தேவைப்படும்.

எனவே 'சீரீர்ப்பு உயரம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. சீரான ஈர்ப்பைக் கொண்டு அளந்த உயரம் என்ற வரையறை பெயருக்குள்ளேயே இருக்கிறது. முதலாவதை 'நேரளவு உயரம்' எனலாம். 'மெய்யுயரம்' வேண்டாம், அது விமானிகளின் ட்ரூ ஆல்டிட்யூடுக்கு ஒதுக்கவேண்டிய சொல்.

அன்புடன்.

* * *

மறுமொழி:

ஐயா, வணக்கம். விளக்கம் தெளிவு. சொல்லில் இரண்டு தயக்கங்கள். 'சீரீர்ப்பு உயரம்' என்று மட்டும் படிப்பவர், அந்த உயரத்தில் ஈர்ப்பு சீராக இருப்பதாக எண்ணமாட்டாரா? அது உண்மைக்கு நேர்மாறானதல்லவா? அடுத்து, வானிலை வரைபடங்களில், காற்றின் அழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் பரப்பின் உயரமாகக் குறிக்கப்படுவதும் இதே அளவுதான். சிமுலேட்டருக்காக ஆக்கும் சொல் அவர்களுக்கும் ஒத்துவர வேண்டும். 'சீரீர்ப்பு நிகருயரம்' என்று வைத்து, இடமில்லாத இடத்தில் 'நிகருயரம்' என்று சுருக்கினால் என்ன?

* * *

மறுமொழி:

வணக்கம். 'நிகர்' எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சுருக்கம்தான் சிக்கல். 'நிகர லாபம்', 'நிகர எடை' என்று படித்துப் பழகியவர், 'நிகருயரம்' என்பதைக் கழிவுகள் போக எஞ்சிய உயரம் என்றே கொள்வார். 63 மீட்டர் குறைவாக வேறு காட்டுவதால், அந்தத் தவறான பொருள் பொருந்துவதுபோலவும் தோன்றிவிடும்.

முதல் தயக்கம் ஞாயமானது. எனினும் 'ஒளியாண்டு' என்ற சொல்லில் ஆண்டு இருந்தும் அதை யாரும் காலமாகக் கொள்வதில்லை. வரையறை பரவினால் சொல் அதற்கு அடங்கிவிடும் என்று நம்புகிறேன். நுனிநாக்கில் சற்று இடறுகிறது என்பதை மட்டும் மறுக்கமாட்டேன்.

வானிலையாளர்களைப் பற்றிச் சொன்னது முக்கியமானது, நான் யோசிக்காததும்கூட. அவர்களுக்கு உயரம் மட்டும் போதாது, ஜியோபொட்டன்ஷியல் என்ற மூல அளவுக்கும் சொல் வேண்டும். அதற்குப் 'புவிநிலையாற்றல்' இருக்கட்டும். அதைக் கடல்மட்ட ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது சீரீர்ப்பு உயரம், அதன் அலகு சீரீர்ப்பு மீட்டர். இப்படிக் குடும்பமாக வைத்தால் நீளமான சொல் பாடநூலுக்கும் குட்டையான சொல் பலகத்துக்கும் போய்விடுகிறது.

மாற்றுக் கருத்து வரும்வரை தற்காலிகமாக மொழிக்கோப்பில் இவ்வாறு மாற்றியிருக்கிறேன்:

நேரளவு உயரம்: 20,063 மீ
சீரீர்ப்பு உயரம்: 20,000 சீ.மீ

இரண்டாம் வரியின் சுருக்கத்தைச் சென்டிமீட்டர் என்று படித்துவிட வாய்ப்பிருப்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன். அலகைச் சுருக்காமல் விடுவதா, வேறு குறியீடு வைப்பதா என்று சொல்லுங்கள்.