அம்மாவின் கால் காய்ப்புக்கு மதுரையில் யாரைப் பார்க்கலாம்?

அம்மா பல ஆண்டுகளாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் ஈரத்தரையில் நின்று மல்லிகை விற்கிறார். குதிகாலில் பித்தவெடிப்பு, சேலை விளிம்பு அதில் சிக்கி நூல் பிரிகிற அளவுக்கு ஆழம். பெருவிரலுக்கு அடியில் காய்ப்பு. சர்க்கரை நோய் வேறு. போன வாரம் பழைய பிளேடால் தானே சீவி ரத்தம் வரவழைத்துக்கொண்டார்; கேட்டால், "மஞ்சள் வைத்தால் ஆறிவிடும்" என்கிறார்! பிளேடை ஒளித்து வைத்துவிட்டேன். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரில் சாலிசிலிக் அமிலம் இருக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஆகாது. புண் இல்லாத இடத்தில் யூரியா களிம்பு தடவுகிறோம். வெடிப்பு இளகுகிறது, காய்ப்பு அசையவில்லை.

காய்ப்பைப் பக்குவமாகச் சீவி, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்றும் சோதிக்கிற மருத்துவர் யாரையாவது தெரியுமா? அழகு நிலையம் வேண்டாம். மதியத்துக்கு மேல் பார்ப்பவராக இருந்தால் நல்லது. காலையில் பூவை விட்டு வர மாட்டார்.