லோடு வண்டி டயர்ல காத்து: தடைக்காலம் முடிஞ்சு முதல் லோடுல நான் பட்ட பாடு

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு மண்டபம் பக்கம், பிக்கப் ஒண்ணு வச்சு மதுரைக்கு மீன் லோடு அடிக்கிறேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், வண்டி வீட்டு வாசல் வேப்பமரத்தடியிலயே நின்னுச்சு. படகுங்க கடலுக்குப் போயி திரும்புன அன்னைக்கு ராத்திரி ஐஸும் மீனுமா பெட்டி பெட்டியா ஏத்துறாங்க, நானும் டயரைக் காலால ஒரு மிதி மிதிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு, கிளம்பிட்டேன். பரமக்குடி தாண்டி பார்த்திபனூர் கிட்ட பின்னாடி இடது டயர் வெடிச்சு வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு பாருங்க, எதிர்ல பஸ் வந்துட்டு இருந்துச்சு, இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

கழட்டிப் பாத்தா உள்பக்கம் சைடு ஓரமா ரப்பர் பொடிப்பொடியா உதிர்ந்து கெடக்கு. காத்து கம்மியா லோடு ஏத்தி ஓட்டுனா டயரோட சைடு ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிந்து சூடேறி உள்ள இருக்குற நூலு விட்டுரும், அதுதான் நடந்திருக்கு. மறுநாள் காலைல ஆறுன பிறகு வலது டயரை அளந்தா அதுவே கதவோர ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு 20 பிஎஸ்ஐ (காத்து அழுத்த அளவு) கம்மி. மாசத்துக்கு 1, 2 தானா குறையிறது சகஜம்தான், ஆனா மீன் தண்ணி வடிஞ்சு வடிஞ்சு ரிம் விளிம்பு துருப்புடிச்சு அது வழியா கசிஞ்சிருக்கு, நம்ம கடற்கரை வண்டிகளுக்கு இது உண்டு, மாசம் ஒருக்கா நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க.

பதில் 1: அண்ணே எனக்கு நேர் எதிரா, காத்து கூடிப்போயி நடந்துச்சு. பஞ்சர் கடைல டயர் மேல எழுதியிருக்குற நம்பரைப் பாத்து அதே அளவு நாலுக்கும் வச்சு விட்டாங்க. காலியா திரும்பும்போது ஏர்வாடி ரோட்டுல மழை, பிரேக் புடிச்சா பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டு ஒதுங்குது. நாலு மாசத்துல டயர் நடுவுல மட்டும் மொட்டையாயிருச்சு. அந்த நம்பர் அந்த டயர் முழு சுமை தாங்க ஆறுன நிலையில வைக்கக்கூடிய உச்ச அளவுண்ணே, நம்ம வண்டிக்கு எவ்வளவுங்கறது டிரைவர் கதவு ஓரத்துலயோ புக்குலயோதான் இருக்கும். முன்னாடி பின்னாடி தனித்தனியா, காலிக்கும் லோடுக்கும் வேற வேறன்னு போட்டிருந்தா அதையும் பாத்து வைக்கணும். வேற சைஸ் டயர் மாத்துறவங்க டயர் கடைல லோடுக்கு எவ்வளவு காத்துன்னு கேட்டுட்டு மாத்துங்க, அப்படியே பழைய நம்பரை வச்சுறாதீங்க.

பதில் 2: நான் தூத்துக்குடி லைன்ல லோடு அடிக்கிறேன். சாயல்குடில மத்தியானம் 2 மணிக்கு அளந்தப்ப 8 பிஎஸ்ஐ கூட காட்டுச்சு, பயந்து எறக்கி விட்டுட்டேன். விடிஞ்சு பாத்தா 8 கம்மியா இருக்கு. ஓடுன சூட்டுல ஏறுறது அது, 5, 6 டிகிரி ஏறுனா சுமாரா 1 பிஎஸ்ஐ கூடும், அத எறக்கவே கூடாதுங்க. வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காத்து அளக்குற சொந்தக் கேஜ் வச்சு அளங்க.

பதில் 3: தனுஷ்கோடி மணல்ல மாட்டுனா காத்து எறக்கி வெளிய எடுப்போம்ல, அப்பறம் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி புடிக்க மறந்துறாதீங்க தம்பிகளா. எறக்குன காத்தோட லோடு வண்டி ஓடவே கூடாது. நான் பேட்டரில ஓடுற சின்ன பம்பு சீட்டுக்கு அடியிலயே வச்சிருக்கேன்.

பதிவு போட்ட நான்தான்: அண்ணே ரொம்ப நன்றி, பம்பு வாங்கிறேன். ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு, ஸ்டெப்னியையும் சேத்து அளங்க. அன்னைக்கு ஜாக்கி போட்டு இறக்குறேன், அதுலயும் காத்து இல்ல. விடியற வரைக்கும் ரோட்டோரம் நின்னேன், ஐஸ் பூராம் உருகி ஓடிருச்சு.